நாற்பது ஓகே

காலை ஆறு இருபது. திரையில் முதலில் கண்ணில் பட்டது வரிசையாக நாற்பது 'ஓகே'. ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் ஷாஃப்டுகள் எனும் உலோகத் தண்டுகளின் வளைவைச் சரிபார்க்கும் புரோகிராமை நான் எழுதியிருந்தேன். ஒரு டிரேயில் நாற்பது ஷாஃப்டுகள் இருக்கும். வளைவு நாற்பது மைக்ரானைத் தாண்டினால் கழித்துவிட வேண்டும். கையால் அளக்கும் அக்கா அதே டிரேயில் மூன்றைக் கழித்து வைத்திருந்தார்.

"கண்ணாடி போடுங்கக்கா. இல்லன்னா நாளையிலருந்து பேக்கிங்குக்குப் போயிருங்க," என்றார் சூப்பர்வைசர்.

"எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது. பதினேழாவது பீஸு அம்பத்திரண்டு காட்டுது, வந்து பாருங்க சார்," என்றார் அக்கா என்னிடம்.

போய்ப் பார்த்தேன். ஐம்பத்திரண்டுதான். திரும்பி வந்து, சரிபார்க்கும் ஃபங்ஷனுக்குள் என்ன போகிறது என்று திரையில் வரவழைத்தேன். 0, 1, 2 என்று 39 வரை வந்தது. லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும், அளவுகள் வரிசையாக இருக்கும் அர்ரேயில் அந்த இடத்தில் இருக்கும் அளவைக் கொடுக்காமல், இடத்தின் எண்ணையே கொடுத்திருந்தேன். அவற்றில் எதுவும் நாற்பதைத் தாண்ட வழியில்லை.

"அப்போ எத்தனாவதா நிக்குதுன்னு பாத்துத்தான் ஓகே சொல்லுச்சா?" என்று அக்கா சிரித்தார். சூப்பர்வைசர் சிரிக்கவில்லை.

வரியைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். முப்பத்தேழு ஓகே, மூன்று கழிவு.

மறுநாளும் அக்கா அளக்கும் மேசையில்தான் இருந்தார்.