தாய்மாமனுக்குப் போன நோட்டிஃபிகேஷன்

எந்த சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ளலாம் என்று ஆப் டிசைனுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நான் சீர்காழிக்குத் தட்டோடு போன கதையைச் சொல்வேன்.

தஞ்சாவூரில் ஒரு சின்ன கம்பெனி. ஊரில் நடக்கும் விசேஷங்களைத் தெரிந்துகொள்ளவும், நம் வீட்டு விசேஷத்தைத் திட்டமிடவும் ஒரு ஆப் செய்தோம். உறவுக்காரர்களைத் தனியாகப் பிரிக்க நான் ஒரு ஸ்கிரீன் வரைந்திருந்தேன். சிங்கப்பூரிலிருந்து திரும்பிய முதலாளி குமார் அதைத் தூக்கிவிட்டார்.

"எதுக்குங்க மேடம் இத்தனை ஸ்கிரீன்? எல்லாரும் கெஸ்ட்தானே? ஒரே கிளிக்ல போயிடணும்."

தலைகீழாக நின்று பார்த்தேன். மனிதர் கேட்கவில்லை.

முதல் வாடிக்கையாளர் மன்னார்குடிப் பக்கம் விவசாயக் குடும்பத்துச் செல்வி. மகளுக்குக் காதுகுத்து. ஆசையாக 'அனைவருக்கும் அனுப்பு' என்பதை அழுத்திவிட்டாள். தட்டு வைத்து நேரில் அழைக்கும் முன்பே, சீர்காழியில் இருக்கும் அண்ணனுக்கும் அழைப்பு போய்விட்டது. அவர் 'வர இயலாது' என்று அழுத்தினார். எங்கள் ஆப் சும்மா இருக்குமா? உடனே செல்வியிடம் கேட்டது: "ஒரு விருந்தினர் குறைந்துள்ளார். ஒரு இலை குறைக்கவா?"

செல்வி ஆபீசுக்கு போன் செய்து அழுதாள். "மாமன் மடியில உக்கார வைக்காம எப்படிங்க காது குத்துறது? போன் பண்ணா அண்ணன் எடுக்க மாட்டேங்குது."

குமார் அசரவில்லை. "ரிமைண்டர் ஒண்ணு தட்டி விடுறேன்" என்று, நான் தடுப்பதற்குள் தட்டியும் விட்டார். "இடங்கள் வேகமாக நிரம்புகின்றன!" என்று அண்ணனுக்குப் போனது. எனக்கு வந்த எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்தேன்.

செல்வியும் கணவரும் வெற்றிலை பாக்கு பழத்தோடு சீர்காழிக்குக் கிளம்ப, கம்பெனி சார்பில் நானும் போனேன். அண்ணன் "வாங்க" என்றார். தட்டை மட்டும் வாங்கவில்லை. என்னிடம் போனை நீட்டினார்.

"நீங்க செஞ்சதுதானா இது? வர்றியா, வரலையான்னு என்னையக் கேக்குது. எம் மருமவ பொறந்த அன்னைக்கே நான் வர்றது முடிவாயிடுச்சுங்க. எங்கிட்ட என்ன கேள்வி?"

செல்விதான் பேசினாள். "உன் இலையக் குறைக்கவான்னு எங்கிட்ட கேக்குதுண்ணே. நீ வராட்டி எம்புள்ளைக்குக் காதே குத்தல."

அவருக்கும் கண் கலங்கிவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டார். போனிலும் பதிலை மாற்றிவிடலாம் என்று அழுத்தினார். "மன்னிக்கவும், பதில் அளிக்கும் காலம் முடிந்தது" என்றது எங்கள் ஆப். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த ஸ்கிரீன் திரும்ப வந்தது. 'நேரில் அழைக்க வேண்டியவர்கள்' என்று பெயர். அவர்களுக்கு ஆப் எதுவும் அனுப்பாது, வீட்டுக்கு வழி மட்டும் காட்டும். யாரிடம் எதைக் கேட்கக்கூடாது என்று தெரிந்த பிறகு பொத்தானை வரையுங்கள். சாஃப்ட்வேரை அப்புறம் கற்றுக்கொள்ளலாம்.

காதுகுத்து அன்று மாமன் மடியில் குழந்தை ஊரைக் கூட்டியது. அதைச் சமாதானப்படுத்திக்கொண்டே அவர் பந்திப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"அந்த மேடத்துக்கு இலை போடுங்கப்பா. ஒண்ணும் குறைச்சிடாதீங்க!"