விசிலக்காவின் கோபம்

பேருந்து நடத்துநராக இருபது வருடம். படியில் தொங்கியவர்கள், டிக்கெட் எடுக்காமல் நழுவியவர்கள், கூட்டத்தில் பெண்களை உரசியவர்கள் என்று ஒருவரையும் விசிலக்கா விட்டுவைத்ததில்லை. அவள் வாயைத் திறந்தால் ஓட்டுநரே தன்னையறியாமல் பிரேக்கில் கால் வைப்பார். வீட்டில் அந்த வாய்க்குத் தீனி அவள் கணவர்தான். தையல்காரர். நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருந்த பழக்கமோ என்னவோ, பதிலுக்கு ஒரு வார்த்தை பேசமாட்டார்.

விசிலக்காவின் அந்த வாய்தான் இப்போது முழுக்கப் புண்ணாகிக் கிடந்தது. ரத்தப் புற்றுநோய். அவளிடமிருந்தே ஸ்டெம் செல்களை எடுத்து வைத்துக்கொண்டு, கடும் மருந்து கொடுத்து எலும்பு மஜ்ஜையை வழித்தெடுத்துவிட்டு, அவற்றைத் திரும்ப உடம்பில் ஏற்றியிருந்தார்கள். புது ரத்தம் ஊறும்வரை கண்ணாடி அறைதான் வீடு. கணவர்கூட வெளியே நின்று ஸ்பீக்கரில்தான் பேச வேண்டும்.

எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசினார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சுவரில் மொட்டைத்தலையோடு ஒருத்தி சிரிக்கும் படம். மனநல ஆலோசகர் பெண் தினமும் முகக்கவசத்தோடு உள்ளே வந்து செல்போனில் அலைச்சத்தத்தை ஓடவிடுவாள். "கண்ணை மூடிக்கோங்கக்கா. கடற்கரையில நிக்கிறீங்க. கோபத்தையெல்லாம் விட்டுடுங்க."

முடி போச்சு, ருசி போச்சு, குரல் போச்சு. மிச்சமிருப்பது கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட வேண்டுமாம்! விசிலக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை.

திட்ட முடியாமல் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். வாய் கொப்பளிக்க மாட்டேன், எழுந்து நடக்க மாட்டேன் என்று தலையாட்டலிலேயே மறுத்தாள்.

"இப்படியே கிடந்தாங்கன்னா நெஞ்சுல சளி கட்டிடும், கிருமி ஏறிடும். அப்புறம் எங்க கையில எதுவும் இல்ல," என்று நர்ஸ் வெளியே தையல்காரரிடம் சொன்னது அணைக்காத ஸ்பீக்கர் வழியே அவளுக்கும் கேட்டது. கேட்டும் அவள் அசையவில்லை.

மறுநாள் அலைச்சத்தம் தொடங்கியதுமே தையல்காரர் ஸ்பீக்கர் பொத்தானை அழுத்தித் தொண்டையைச் செருமினார்.

"ஏம்மா, உனக்கு வேற வேலையே இல்லையா? அந்தக் கடலை நிறுத்தித் தொலை!"

விசிலக்கா திரும்பினாள். அவளுடைய வார்த்தைகள்! அவர் வாயில் அவை அளவு தப்பிய சட்டை மாதிரி தொளதொளவென்று தொங்கின.

"சுவத்துல சிரிக்கிறாளே, அவளையும் கழட்டு! படியில நிக்காத, உள்ள ஏறு!" என்றார், சம்பந்தமே இல்லாமல்.

இதையா திட்டு என்பது? விசிலக்கா கையை உயர்த்தி, இன்னும் சத்தமாக என்று சைகை காட்டினாள். ஆலோசகர் பெண் ஒரு கணம் விழித்தாள். பிறகு அலையை நிறுத்திவிட்டு, ஸ்பீக்கரின் ஒலியை முழுக்கத் திருகி வைத்தாள்.

தையல்காரர் கத்தினார். நோயைத் திட்டினார், மருந்தைத் திட்டினார், சிரித்த முகமாக இருக்கச் சொன்ன சொந்தக்காரர்களைத் திட்டினார். கத்திக்கொண்டே வந்தவர் அவள் பக்கம் திரும்பினார். இப்போது வார்த்தைகள் இரவல் இல்லை.

"உன்னையும்தான்டி! இத்தனை வருஷம் வாயைத் திறக்காம உன்கிட்ட திட்டு வாங்கினேனே, எதுக்கு? நீ பாதியில இறங்கிப் போறதுக்கா? எந்திரிடி!"

'டி'யா? அவளையா? அதுவும் இந்த மனுஷனா?

கட்டில் கம்பியைப் பிடித்து விசிலக்கா எழுந்தாள். மருந்து பாட்டில் தொங்கும் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு கண்ணாடிவரை நடந்தாள். அவர் முகத்துக்கு நேராக விரலை நீட்டினாள். புண் கிழிந்து எரிய, காற்றாக வந்தது குரல்.

"வீட்டுக்கு வர்றேன், இரு. வச்சிக்கிறேன் உன்னை."