இரண்டு மொழியில் தேடிய அணை

ஏழாம் வகுப்பில் ஒரு அணையைப் பற்றித் தேடப் போய், வகுப்பு முழுக்கப் பார்க்கத் தலைகுனிந்து நின்றேன். இத்தனைக்கும் டீச்சர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றைக்கூட விடாமல்தான் தேடியிருந்தேன்.

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் திராட்சைத் தோட்டமும் வாய்க்கால் பாய்கிற நெல் வயலும் இருந்தன. மலைக்கு மேலே பெரியாற்று அணையில் தண்ணீர் ஏறினால்தான் எங்கள் வயலில் நாற்று இறங்கும். அதனால் அணையின் மட்டம் எங்கள் வீட்டில் சாப்பாட்டோடு சேர்த்துப் பேசப்படும். அம்மா மலைக்கு அந்தப் பக்கம், வண்டிப்பெரியாற்றில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் பிறந்தவள். தமிழ்க் குடும்பந்தான், ஆனால் படித்தது மலையாளப் பள்ளிக்கூடம். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பாள். மலையாளம் என்றால் கண்ணை ஓட்டியே முடித்துவிடுவாள். பேச்சிலும் அந்த ராகம் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னை மகளே என்றல்ல, மோளே என்றுதான் கூப்பிடுவாள். வீட்டுக்குள் கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கும். பஸ் ஸ்டாப்பில் கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி நிற்பேன்.

அந்த வருஷம் சமூக அறிவியலுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். புராஜெக்ட் என்றால் புத்தகக் கடையில் படம் வாங்கி ஒட்டுவது என்றிருந்த எங்களைக் கம்ப்யூட்டர் ரூமுக்கு அழைத்துப்போய், நெட்டில் எப்படித் தேடுவது என்று சொல்லிக்கொடுத்தார். ஆளிடம் பேசுவதுபோல நீளமாகக் கேட்கக் கூடாது, முக்கியமான சொற்களை மட்டும் போட வேண்டும். முதலில் வருவதை அப்படியே எழுதி வரக் கூடாது. யார் எழுதியது, எப்போது எழுதியது என்று பார்க்க வேண்டும். ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால் சொல்லை மாற்றிப் போட வேண்டும். வேறு மொழி தெரிந்தால் அதிலும் தேட வேண்டும். இங்கிலீஷை மனதில் வைத்துத்தான் அதைச் சொல்லியிருப்பார். எனக்கு அது தோன்றவில்லை.

‘நம் பள்ளத்தாக்கின் தண்ணீர்’ என்று தலைப்புக் கொடுத்தார். எனக்கும் இன்னும் நாலு பேருக்கும் அணை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அணை வரலாறு என்று போட்டேன். காட்டுக்குள் அதைக் கட்டிய கதை வந்தது. மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய கதை வந்தது. அணை பாசனம் என்று மாற்றினேன். அதே படம், அதே வரிகள். மற்ற நாலு பேரும் இதைத்தான் எழுதி வருவார்கள் என்று தெரிந்ததும் எனக்கு ஆற்றாமையாக இருந்தது. அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனை நீட்டி, மலையாளத்தில் தேடித் தரச் சொன்னேன்.

“அது வேணாம் மோளே. இங்கன உள்ள பள்ளிக்கூடத்துக்கு இங்கன உள்ளது போதும்.”

டீச்சர் சொல்லியிருக்கிறார் என்றேன். டீச்சர் என்ற சொல்லுக்கு அம்மா எப்போதும் கட்டுப்படுவாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

வந்தது வேறு ஏதோ அணை என்றே நினைத்தேன். வயலும் இல்லை, வாய்க்காலும் இல்லை. மழையில் சாமான் மூட்டையோடு பள்ளிக்கூடத்தில் போய்த் தங்கியவர்கள்; ஆறு சத்தம் மாறினால் பிள்ளைகளை எழுப்பி உட்கார வைத்துக்கொள்கிற ஒரு கடைக்காரர். அம்மா மலையாளத்தில் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஊர்ப் பெயர் வந்த இடங்களில், அணைக்குக் கீழே ஆற்றோரம் உள்ள ஒரு ஊர் என்று மட்டும் சொன்னாள். சில இடங்களில் நிறுத்திவிடுவாள். நான் முழங்கையால் இடித்து, அப்புறம் என்பேன். எந்தப் பத்திரிகை, எந்த வருஷம் என்பதைக்கூடக் கேட்டு எழுதிக்கொண்டேன். வேறு யாரிடமும் இல்லாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்ற பெருமை தாங்க முடியவில்லை.

வகுப்பில் என் முறை வந்தது. முதல் பாதியை எல்லாரும் கேட்டார்கள். பிறகு, அதே அணைக்குக் கீழே மேற்குப் பக்கம் இருக்கிற மக்கள் மழைக்காலத்தில் அணை உடைந்துவிடுமோ என்று பயந்துகொண்டு இருக்கிறார்கள், அவர்கள் சொல்வது என்னவென்றால் என்று ஆரம்பித்தேன். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான். அவன் அப்பாவும் என் அப்பாவும் ஒரே விவசாயிகள் சங்கம்.

“டீச்சர், இவுக அம்மா அங்கன உள்ள ஆளு. அதான் அந்தப் பக்கமாப் பேசுறா.”

வகுப்பு சிரித்தது. டீச்சரின் முகம் மாறியது. வராந்தாவில் யாராவது வருகிறார்களா என்று ஒருதரம் பார்த்துவிட்டு, இதை எங்கே எடுத்தாய் என்று கேட்டார். மலையாளத்தில் தேடினேன், நீங்கள்தானே வேறு மொழியிலும் தேடச் சொன்னீர்கள் என்றேன். சிரிப்பு இன்னும் பெரிதானது. அவர் என் கையிலிருந்த தாள்களை வாங்கி மடித்தார்.

“சரி, போதும். உக்காரு.”

உட்கார்ந்தேன். காதும் கழுத்தும் எரிந்தன. பக்கத்தில் இருந்தவள் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். எனக்கு இடம் விட்டாளா, என்னைவிட்டு விலகினாளா என்று தெரியாமல் மணியடிக்கும்வரை அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாளிலிருந்து சில பையன்கள் என்னை மோளே என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எப்படித் தெரிந்துகொண்டார்களோ.

நான் வீட்டுக்கு வருவதற்குள் டீக்கடை வழியாக அப்பாவுக்குச் சேதி போயிருந்தது. அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்து, பிள்ளைக்கு எதற்கு இதையெல்லாம் எடுத்துக் கொடுத்தாய் என்று அம்மாவிடம் கேட்டார். பிள்ளை கேட்டாள், படித்துச் சொன்னேன் என்றாள் அம்மா.

“நீ படிச்சது பொய்யின்னு நான் சொல்லல. அது நம்ம வீட்டுல இருந்து போகலாமான்னுதான் கேக்குறேன்.”

அப்பா தோட்டத்துக்குப் போனபின் அம்மா போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வா, உங்கள் டீச்சருக்கு வேண்டியதைத் தேடுவோம் என்றாள். தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி அவளே போட்டாள். எத்தனை ஊர்களுக்குப் பாய்கிறது, எத்தனை போகம் விளைகிறது என்று அவள் எழுத்துக்கூட்டி வாசிக்க, நான் புதிதாக எழுதினேன். அதற்கு முழு மதிப்பெண் கிடைத்தது. டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒட்டினார்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாதான் வந்தாள். அவள் வாயைத் திறந்தால் என்ன ஆகுமோ என்று பயந்துகொண்டே கூட நடந்தேன். அவள் திறக்கவே இல்லை. நன்றாகத் தேடி எழுதியிருக்கிறாள் என்று டீச்சர் சொன்னபோது சிரித்துத் தலையை ஆட்டினாள். வெளியே வரும்போது மட்டும், எல்லாரும் நிற்கிற இடத்தில், எங்கள் ஊர்ப் பெண்கள் மகளைக் கூப்பிடுகிற மாதிரியே, “வா ஆத்தா, போவோம்” என்றாள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. அப்படி இருந்ததே ஏனோ கூச்சமாகவும் இருந்தது. பஸ் வரும்வரை அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆடியில் சாரல் பிடித்தது. மலை நாள் முழுக்கக் கண்ணில் படவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா நனைந்துகொண்டே வந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

“அணையில தண்ணி கிடுகிடுன்னு ஏறுதாம். சங்கத்துல சொன்னாக. இந்தத் தடவை நடவு தப்பாது.”

நல்லது என்று சொல்லி அம்மா அவருக்குத் துண்டு எடுத்துக் கொடுத்தாள். பிறகு போனோடு கொல்லைப்பக்கம் போனாள். அங்கே தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று, தான் பிறந்த எஸ்டேட்டிலேயே, ஆற்றை ஒட்டிய வீட்டில் இருக்கும் சித்தியிடம் பேசினாள். தகரத்தில் மழைச் சத்தம். அம்மா ஏதோ கேட்பதும், நெற்றியில் கை வைத்துக்கொண்டு நிற்பதும், மறுபடி கேட்பதுமாக இருந்தாள். சந்தோஷச் சேதியை முதலில் தங்கச்சிக்குத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் சொல்ல வேண்டும்போல இருந்தது. ஓடிப்போய் அவள் கையோடு போனைப் பிடித்து இழுத்து வாயருகே வைத்துக்கொண்டு, “சித்தி, அணையில தண்ணி ஏறுதாம், தெரியுமா?” என்று கத்தினேன்.

அந்தப் பக்கம் சித்தி ஒன்றும் பேசவில்லை. மழையில் லைன் போய்விட்டது என்று சொல்லி, போனை அம்மாவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.