சிந்தாமணி உடைத்த கப்புகள்

விருத்தாசலம் பீங்கான் கம்பெனிகளில் ஒரு வழக்கம் உண்டு. சூளையிலிருந்து கோணலாக வெந்து வரும் சாமானை அப்படியே வெளியே விடமாட்டார்கள். விட்டால் யாராவது பொறுக்கிக்கொண்டுபோய் ஜங்ஷனில் கூவி விற்றுக் கம்பெனியின் பெயரைக் கெடுத்துவிடுவார்கள். அதனால் பின்பக்கம் கொட்டிச் சுத்தியலால் உடைத்துவிடுவது. ஆதிநாராயணன் கம்பெனியில் அந்த வேலை சிந்தாமணியுடையது. பொறுமைசாலி என்று பேர் வாங்கியவள். விருத்தகிரியைக் கட்டிக்கொண்டவளுக்கு வேறு வழி ஏது?

விருத்தகிரியும் ஒரு காலத்தில் அங்கே களிமண் பிசைந்தவன்தான். கட்சியில் வட்டச் செயலாளர் ஆனதிலிருந்து வேட்டியில் மண் படக்கூடாது என்று நின்றுவிட்டான். கட்சிக்காரர்களுக்குச் சொந்தப் பெயரே கிடையாது. வட்டம், ஒன்றியம், மாவட்டம் என்று நிலத்தை வைத்தே கூப்பிட்டுக்கொள்வார்கள். இவன் ‘வட்டம்’. வட்டத்துக்குச் சோறு போட்டது சிந்தாமணியின் கூலி. ஆனாலும் அவளுக்கு அவன்மேல் கொள்ளைப் பெருமை. “எங்க வூட்டுக்காரரு போனா தாலுக்கா ஆபீஸே எழுந்து நிக்கும்” என்று கூட வேலை செய்யும் அமிர்தத்திடம் அளந்துகொண்டே இருப்பாள்.

தலைவர் பிறந்தநாளுக்கு அவர் படம் போட்ட கப்பு செய்யும் ஆர்டரைக் கொண்டுவந்ததும் விருத்தகிரிதான். முதலாளி முன்னால் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து சொன்னான்: “தலைவரு மூஞ்சி கோணலா ஒரு கப்பு வெளிய போவக் கூடாது. கோணலா வந்தா அங்கியே ஒடச்சிடுங்க.”

சூளை பிரித்த அன்று பாதிக் கப்புகளில் படம் கொப்புளித்துப் போயிருந்தது. ஒன்றில் தலைவருக்கு மூக்கு இல்லை, இன்னொன்றில் கண் நெற்றிக்கு ஏறியிருந்தது. சிந்தாமணி பின்பக்கம் சாக்கு விரித்து உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தாள்.

அதே நேரத்தில் சென்னையில் தலைவர்மேல் நடந்த வழக்கில் தீர்ப்பு வந்துவிட்டது. தலைவர் குற்றவாளி, சிறைத் தண்டனை. பஸ் ஸ்டாண்டில் கண்ணாடிகள் நொறுங்கின, கடைகள் சாத்தப்பட்டன, மங்கலம்பேட்டை ரோட்டில் டயர் எரிந்தது. முதலாளி முன் கேட்டைப் பூட்டிக்கொண்டு ஓடிப்போனார். பின்பக்கம் இருந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மண் அரைக்கிற மிஷின் சத்தத்தில் அவர்களுக்கும் எதுவும் கேட்கவில்லை.

மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக் கட்சிக்காரர் கூட்டம் ஒன்று வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே வந்தது. திட்டக்குடியிலிருந்து வந்த ஒன்றியச் செயலாளர் முன்னால் வந்தார். அவர் கண்ணில் முதலில் பட்டது தலைவரின் பாதி முகம், அதன்மேல் சுத்தியல், சுத்தியலைப் பிடித்திருந்த கை.

“தலைவர உள்ள போட்ட அன்னிக்கே ஒடச்சிக் கொண்டாடறியா? எவ்ளோ திமிருடி ஒனக்கு!”

சிந்தாமணிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். அப்போதுதான் கூட்டத்தில் புருஷனைப் பார்த்தாள். போன உயிர் திரும்பி வந்தது. இனிமேல் அவர் பார்த்துக்கொள்வார்.

ஒன்றியம் திரும்பினார். “வட்டம், ஒங்க ஊருதான? யாரு இவ?”

விருத்தகிரி தரையைப் பார்த்தான். “கம்பெனில வேல செய்யற பொம்பளைங்கண்ணே.”

அவ்வளவுதான் சொன்னான். பொய் என்றும் சொல்ல முடியாது. சிந்தாமணி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசினால் பத்துப் பேர் நடுவில் அவன் மானம் போய்விடுமே என்று அந்த நேரத்திலும் நினைத்தாள். அந்தப் பாழாய்ப்போன புத்தியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது.

உடைந்த சில்லுகளின் மேலேயே அவளை விழுந்து கும்பிட வைத்தார்கள். பிறகு காய்ந்துகொண்டிருந்த சாமான்களை எல்லாம் பலகையோடு சாய்த்துவிட்டுக் கோஷம் போட்டுக்கொண்டே போனார்கள். விருத்தகிரியும் கோஷம் போட்டான். அவன் குரல் அவளுக்குத் தனியாகக் கேட்டது. அமிர்தம்தான் கைத்தாங்கலாகப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவன் பின்வாசல் வழியாக வந்தான். அவள் முழங்காலில் ஏறிய சில்லை ஊக்கால் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்னா பண்ணச் சொல்ற? பொண்டாட்டின்னு சொல்லியிருந்தா என்னியும் சேத்து வெளுத்திருப்பானுங்க. பதவியும் போயிருக்கும்.”

“ஒடைக்கச் சொன்னதே நீங்கதானங்க?”

“அத எதுக்கு இப்பப் பேசற?” என்றவன், தண்ணீர் கேட்டான். அவளும் எழுந்து நொண்டிக்கொண்டே போய் மொண்டு கொடுத்தாள். அவன் குடித்து முடிப்பதற்குள் தெருவில் ஜீப் வந்து நின்றது. விருத்தகிரி சொம்போடு கதவுக்குப் பின்னால் ஒண்டினான்.

“திட்டக்குடிக்குப் போயிட்டாருன்னு சொல்லு, சிந்தாமணி. ஒன் காலப் புடிச்சிக் கேக்கறேன்.”

வாசலில் ஏட்டு நின்றிருந்தார். “விருத்தகிரி வூடு இதுதானம்மா? கம்பெனிய நொறுக்கின கும்பல்ல அவனும் இருந்தான்னு, பாத்தவங்க சொன்னத வச்சி மொதலாளி எழுதிக் குடுத்திருக்காரு. நீ யாரு, அவனுக்கு என்னா ஆவணும்?”

சிந்தாமணி முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

“நான் அவரு பொண்டாட்டிங்க” என்றாள். “உள்ளதான் இருக்காரு.”