முழங்காலுக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?

இரண்டு மாதக் கதை. வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. பிப்ரவரியில் ஒரு காலை, ஈஸ்ட் ஹாம் பஸ் ஸ்டாப்பில், உறைபனி படிந்த நடைபாதையில் வசந்தி அக்கா வழுக்கி விழுந்தார். அவர் வீட்டு மாடியறையில்தான் நான் வாடகைக்கு இருக்கிறேன்.

2. எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

3. மூன்று வாரத்தில் வலி போய்விட்டது. பயம் போகவில்லை. கீழே விழுந்த கரண்டியை எடுத்துத் தர மாடியில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்.

4. அவர் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. எதையும் பிடிக்காமல் தரையில் குந்தி, எழுந்து காட்ட வேண்டும். முடிந்தால் பழைய வேலை: முதியவர்களைக் குளிப்பாட்டி, சாக்ஸ் மாட்டிவிட்டு, சாப்பிட வைப்பது. முடியாவிட்டால் துணி துவைக்கும் அறை. நிரந்தரமாக.

5. பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன்.

சிக்கல் ஐந்தாவதில்தான் ஆரம்பித்தது.

நான் சாப்ட்வேர் டெஸ்டர். எதைக் கொடுத்தாலும் அட்டவணை போடுவேன். பிசியோதெரபி தாளில் இருந்த பயிற்சிகளை எக்ஸெலில் ஏற்றினேன். எத்தனை தடவை, எவ்வளவு வளைந்தது, பாஸா, ஃபெயிலா... ஃபெயிலுக்குச் சிவப்பு நிறம். இரண்டு வாரத்தில் பக்கம் முழுக்கச் சிவப்பு.

"குந்தினால் பிறகு எழும்ப ஏலாது எண்டு கால் சொல்லுது, பிள்ளை. நான் என்ன செய்யிறது?"

"எக்ஸ்ரேல ஒண்ணுமில்லையே அக்கா."

"ஓம். உந்த எக்ஸ்ரேயைக் காலுக்குக் காட்டிப் பார்."

அன்று அவர் வேறொன்றும் சொன்னார். "என்ர ஆக்களை விட்டிட்டு, அந்த மிஷினுகளோட நான் என்னத்தைக் கதைக்கிறது?" சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் ஆபீஸில் பக்கத்து சீட் யிங்கிடம் அட்டவணையைக் காட்டினேன். செங்டுவிலிருந்து வந்த சீனப் பெண், என் வயதுதான். பாராட்டுவாள் என்று நினைத்தேன்.

"எல்லாம் முழங்காலுக்கு. இந்த அம்மாவுக்கு எதுவும் இல்லையா?" என்றாள்.

சமீபத்தில் என் கண்ணில் பட்ட சொல் ஒன்று — பிசிகல் லிட்டரசி. உடம்பின் எழுத்தறிவு. தரையைப் படிக்கத் தெரிவது, தன் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று தெரிவது, அந்தக் காலை நம்பத் தெரிவது. அந்தக் கணக்கில் நான் கைநாட்டு. கோயம்புத்தூரில் பத்தாம் வகுப்பு படித்தபோது எங்கள் பி.டி. பீரியடைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். பந்து வந்தால் நான் இன்றைக்கும் பிடிப்பதில்லை, குனிந்துகொள்கிறேன்.

"உங்க ஊர்ல ஸ்கூல்லயே எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பாங்க இல்ல?" என்று யிங்கைக் கேட்டேன்.

அப்படித்தான். இரண்டாவது பீரியட் முடிந்ததும் பள்ளிக்கூடமே மைதானத்தில் வரிசையாக நிற்கும். ஒலிபெருக்கி எண்ணும், ஆயிரம் கைகள் ஒரே நேரத்தில் உயரும். எனக்குப் புல்லரித்தது.

"நான் பாத்ரூமில் ஒளிந்துகொள்வேன்," என்றாள் யிங்.

பிறகு எங்கே கற்றாள்? குடியிருப்பு முற்றத்தில். வேலைக்குப் போகும் முன் அவள் அம்மாவும் அம்மாவின் தோழிகளும் அங்கே பின்னோக்கி நடப்பார்கள், கை கால்களைத் தாங்களே தட்டிக்கொள்வார்கள், வட்டமாக நின்று இறகுக் கொத்து ஒன்றைக் காலால் உதைத்து விளையாடுவார்கள். யாரும் வீராங்கனை இல்லை. யாருக்கும் நோயும் இல்லை. அரட்டைதான் முக்கியம், உடம்பு கூடவே வந்துவிடும். "உடம்பு தனி, மனசு தனி என்று எங்கள் வீட்டில் யாரும் பிரித்துப் பேசியதில்லை. பயந்தால் கால் இறுகும். அப்போது எதற்கு வைத்தியம் பார்ப்பாய்?"

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது. சனிக்கிழமை காலை மூவரும் பூங்காவுக்குப் போனோம்.

முதலில் பின்னோக்கி நடந்தோம். ஷூவின் அடியில் புல்லா, சரளைக்கல்லா, எங்கே சரிகிறது... கண் உதவாதபோது கால் தானே தேட ஆரம்பிக்கிறது. இருபது அடி போனதும் எனக்கே தெரிந்தது. இத்தனை வருடமாக நான் என்னத்தை நடந்தேன்?

"ஆக்கள் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்று அக்கா தமிழில் முணுமுணுத்தார். மொழிபெயர்த்தேன்.

"எங்கள் ஊரில் பார்க்கிறவர்களும் பின்னால்தான் நடந்துகொண்டிருப்பார்கள்," என்றாள் யிங்.

பிறகு இறகுக் கொத்து. அடியில் சின்ன உலோக வட்டு, மேலே நாலைந்து வண்ண இறகுகள். யிங் உதைத்தாள், நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டேன். அக்கா உதைத்தார். உடம்பை இடப்பக்கம் காட்டிவிட்டு வலப்பக்கம் போனார். "கிளித்தட்டு விளையாட்டில என்னைத் தொட ஆள் இருந்ததில்லை, கண்டியோ? நீயும் ஒரு இஞ்சினியர், உந்த இறகை ஒருக்கா உதைக்கத் தெரியேல்லை."

கால் மணி நேரம் போயிருக்கும். இறகு அக்காவின் காலடியில் விழுந்தது. அவர் குந்தி, அதை எடுத்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? "அக்கா, குந்திட்டீங்க. பாஸ்," என்று கத்தினேன்.

அவ்வளவுதான். அக்கா குனிந்து தன் முழங்காலைப் பார்த்தார். ஒரு கை புல்லைப் பற்றியது. "பிள்ளை... எழும்ப ஏலாது. தூக்கிவிடு."

தூக்கிவிட்டால் எல்லாம் போச்சு. தூக்காவிட்டால்?

யிங் என்னைக் கையால் தடுத்தாள். அக்காவுக்கு எதிரே தானும் குந்தினாள், குதிகால் முழுதும் தரையில் பதிய, சாவகாசமாக. ஆங்கிலத்தில் கேட்டாள்: "உங்கள் முதியோர் இல்லத்தில், நீங்கள் வேலை பார்க்கும் மாடியில் ரொம்பச் சேட்டை செய்கிறவர் யார்?"

அக்கா புல்லைப் பிடித்தபடியே யிங்கைப் பார்த்தார். பிறகு மெல்ல ஆரம்பித்தார். ஒரு பாட்டிம்மா இருக்கிறாராம், தொண்ணூறைத் தாண்டியவர். அக்கா பாடினால்தான் சாப்பிடுவார். பாடினால், சுருதி சரியில்லை என்று திட்டுவார். சாப்பாட்டு அறைக்கு மகாராணி மாதிரித்தான் வருவார்...

"எப்படி?" என்றாள் யிங்.

"எப்படியோ? இப்பிடி." அக்கா எழுந்தார். முகவாயைத் தூக்கி, கைப்பையை முழங்கையில் மாட்டினாற்போலப் பிடித்து, நாலு அடி நடந்து காட்டினார்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் தொழில் வாழ்க்கையில் மிகக் கடினமான மௌனம் அதுதான்.

நாம் உடம்பைக் கவனிப்பதே அது கெட்டுப்போன பிறகுதான். அப்போதும் பரீட்சை வைக்கிறோம், மார்க் போடுகிறோம். யிங் வீட்டு முற்றத்தில் நடந்தது வேறு. அங்கே உடம்பு பேசப் பழகியது. தப்பாகப் பேசினாலும் யாரும் சிவப்பு மையால் அடிக்கவில்லை. நல்ல பேச்சில் மூழ்கியிருக்கிறவர் தன் நாக்கு எங்கே இருக்கிறதென்று பார்ப்பாரா? பார்த்தால் திக்காதா?

அதன்பின் தினமும் வேலைக்கு முன் இருபது நிமிடம் பூங்கா. நடை, உதை, ஊர்வம்பு. அக்கா எத்தனை முறை குந்தினார் என்று எனக்குத் தெரியாது. எழுதி வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை தேர்வு நடந்தது. நான் ஆபீஸில் ஒரு வேலையும் பார்க்கவில்லை. மூன்றரைக்குப் போன் வந்தது.

"முதல் தரம் குந்தேக்கை பாதியில நிண்டிட்டன், பிள்ளை. சோதிக்க வந்த பெட்டை, அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ எண்டாள். நான் அவளிட்டை மகாராணியின்ர கதையைச் சொல்லத் தொடங்கினன்..."

"அப்புறம்?"

"பிறகென்ன, கதை முடியேக்கை நான் குந்தி எழும்பி நிண்டுகொண்டிருந்தன்."

இன்றைய நிலவரம்: வசந்தி அக்காவுக்குத் திங்கள்கிழமையிலிருந்து பழைய மாடியில், பழைய ஆட்களோடு, காலை ஷிப்ட். இடது காலில் இன்னும் லேசான தயக்கம் இருக்கிறது.