கொஞ்சம் ஏலாது என்று சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணல்மாணலாக வரும், சிலது மறந்தும் போய்விட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கணவர் மூதூருக்கு ஆள் ஏற்றும் லோஞ்ச் படகு ஓட்டினவர். போன மாரியில் மூச்செடுக்க ஏலாமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டோ மூன்றோ நாள் கழித்து, டாக்டர் கட்டிலடியில் நின்று இங்கிலீசில் கதைத்தார். ஒரு சொல் மட்டும் என் காதில் நின்றது: எக்ஸ்ட்ரீம்லி. அவரிடம் கேட்க வெட்கம். அவர் போனபின் கிண்ணியாவிலிருந்து வரும் நர்ஸ் பிள்ளையிடம் கேட்டேன்.

"நல்லதுக்கும் சொல்லுறதுதான் அம்மா, கெட்டதுக்கும் சொல்லுறதுதான். நோய் வருத்தத்துக்குச் சொன்னால் கடைசி விளிம்பு. அதுக்கு மேல சொல்ல ஒண்டுமில்லை. வெளிநாட்டில பிள்ளையள் இருந்தால் வரச் சொல்லுங்கோ."

கட்டிலில் இருந்து இவர் கேட்டார்: "என்ன ரெண்டு பேரும் குசுகுசு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததுக்கோ மூக்கில குழாய் பூட்டினவங்கள்?" சிரிக்கப் போய் இருமினார்.

பின்னேரம் கனடாவிலிருந்து மகன் போன் எடுத்தான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு நோயைக் குறைத்துத்தான் சொல்வோம். கால் முறிந்தால் சுளுக்கு என்போம், காய்ச்சலைச் சளித் தடிமன் என்போம். அங்கே தனியே கிடந்து தவிக்குமே என்ற எண்ணம்தான்.

"அப்பாவுக்கு எப்படியம்மா?"

"கொஞ்சம் ஏலாது."

"டாக்டர் என்ன சொன்னவர்?"

அந்தச் சொல் நாக்கு நுனியில் நின்றது. கருத்தும் தெரியும்.

"அவரும் கொஞ்சம் எண்டுதான் சொன்னவர். நீ வேலையைப் பார் ராசா."

"அப்ப டிசம்பர் லீவில நத்தாருக்கு வாறன். அப்பாட்டச் சொல்லுங்கோ."

சொன்னேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

சனிக்கிழமை காலை போய்விட்டார். மகன் சவப்பெட்டியடிக்குத்தான் வந்து சேர்ந்தான். செத்தவீட்டுக்கு வந்த நர்ஸ் பிள்ளை, எதுவும் தெரியாமல், "நான் அம்மாட்ட அண்டைக்கே சொன்னனே தம்பி" என்றாள். அவன் என் பக்கம் திரும்பினான்.

"தெரிஞ்சுமோ அம்மா?"

"எப்பவும் சொல்லுறமாதிரித்தான் சொன்னனான்" என்றேன். அவன் வாசலுக்குப் போய்விட்டான்.

இப்போதும் ஞாயிறு தோறும் எடுக்கிறான். சுகமாக இருக்கிறேன் என்று நான் சொன்னால், "பக்கத்து வீட்டு அக்காட்டக் குடுங்கோ" என்கிறான். போனைக் கொடுத்துவிட்டு நான் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

டாக்டர் அதைச் சொன்னது செவ்வாயா, புதனா என்று எனக்கு நினைவில்லை. அந்த நர்ஸ் பிள்ளையைத் தெரிந்த யாராவது கேட்டுப் பாருங்கள். கனடாவிலிருந்து கொழும்புக்கு எவ்வளவு நேரம், அங்கிருந்து இங்கே பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்றும் சரிபாருங்கள். அன்று பின்னேரமே நான் சொல்லியிருந்தால், பிள்ளை வந்து தகப்பனோடு நேரில் ஒரு வார்த்தை கதைத்திருப்பானா என்று எனக்குத் தெரியவேண்டும்.