ஸ்ரீகுமாரின் கார்கள் நின்ற ஞாயிறு

குவெம்புநகர் பிரதிபாவுக்கு ரேஸ் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் அந்தக் காரின் உள்ளே காற்று எப்படிப் பாயும் என்பது அத்துப்படி. ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்து தங்கிவிட்டவரின் மகள். ஹெப்பாளில் ஒரு டிசைன் ஆபீஸில் உட்கார்ந்து, இருபத்துநான்கு மணி நேரம் விடாமல் ஓடும் பந்தயத்துக்குக் கார் கட்டும் சிறிய இத்தாலியக் கம்பெனிக்குப் படம் வரைந்தாள். அப்போதெல்லாம் அந்தப் பந்தயத்துக்கு ஊருக்கொரு கம்பெனி கார் கட்டியது.

பிறகு விதி மாறியது. பந்தயத்தில் இத்தாலியர்களின் கார் ஓடிய பிரிவில் இனி நான்கு கம்பெனிகள்தான் கார் கட்டலாம் என்றார்கள். இத்தாலியர்கள் கடையை மூடினார்கள். பிரதிபா வேலையில்லாமல் நின்றாள். அவளுடைய மேலாளர் ஸ்ரீகுமாரோ, கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்க அவள் வரைந்த காற்றுக்குழாயைத் தன் பெயரில் தூக்கிக்கொண்டு, அந்த நான்கில் ஒன்றில் பெரிய பதவியில் போய்ச் சேர்ந்தார். அதற்கு விருதும் வாங்கினார். மேடையில் நிற்கும் படத்தை அவளுக்கே வாட்ஸப்பில் அனுப்பினார்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. முன்னால் போகும் காரின் சூட்டை அந்தக் குழாய் உள்ளே இழுத்துவிடும். அவள் அதைக் கண்டுபிடித்துத் திருத்தி முடிப்பதற்குள் கம்பெனி மூடியிருந்தது. திருத்திய படத்தை யாரிடமும் காட்டாமல் காத்திருந்தாள்.

கார் கட்டுவோர் குறைந்துபோனதில் பாதிக் களம் ஸ்ரீகுமாரின் கார்களாகிவிட்டது. ஒன்றின் பின்னால் ஒன்று ஒட்டிக்கொண்டு ஓடின. ஒரு ஜூனில் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தியது. ஞாயிறு மதியம் அவள் டி.வி. பார்த்துக்கொண்டிருக்கையில் கார்கள் புகைவிட்டு நிற்கத் தொடங்கின. போன் அடித்தது.

"பிரதிபா, எண்ணெய் கொதிக்குதும்மா. டெஸ்ட்ல நீ ஏதாவது பாத்தியா?"

"டிசைன் உங்களோடதல்வா சார்? என்னைக் கேக்கறீங்க."

"என் வேலையே போயிடும்."

"வரைஞ்சது நான்னு அங்க இருக்கிற எல்லார்கிட்டயும் சொல்லுங்க. உடனே வழி சொல்றேன்."

"அது முடியாது," என்று வைத்துவிட்டார்.

பக்கத்தில் இருந்த கணவர் உதயகுமாருக்கு மனசு கேட்கவில்லை. "சொல்லியிருக்கலாம் பிரதி."

"அவர் என்னைப் பாத்துப் பரிதாபப்பட்டாரா?"

பந்தயம் முடிவதற்குள் அந்தக் கார்கள் அத்தனையும் நின்றுவிட்டன. ஓட்டுநர் ஒருவர் சுவரோரம் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். அவரைப் பார்த்தபோது மட்டும் பிரதிபாவுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் டி.வி.யை அணைக்கவில்லை.

ஸ்ரீகுமாருக்கு வேலை போனது. அந்தக் கம்பெனியும் பந்தயத்தை விட்டு விலகியது. ஊர் திரும்பியவர் அவள் வீட்டு கேட்டில் வந்து நின்றார்.

"உன்னால ஒரு கம்பெனியே போச்சு."

"இத்தாலிக்காரங்க போனப்ப நீங்க துக்கம் விசாரிக்கலையே சார்," என்று சொல்லி உள்ளே போனாள்.

இப்போது நஞ்சன்கூட்டில் பேருந்து ஏசி குழாய்கள் வரைகிறாள். ஜூன் வந்தால் பந்தயம் பார்ப்பாள். மிச்சமிருக்கும் மூன்று கம்பெனிக் கார்களில் ஒன்றுகூட அவளுக்குப் பிடிப்பதில்லை.